தத்தெடுக்கவிருக்கும் குழந்தையின் முகத்தில் சிவப்பு மச்சம்: மருத்துவ அறிக்கையில் எதைப் பார்க்க வேண்டும்?

உங்கள் இருவருக்கும் வணக்கம். நீங்கள் கேட்டதை முதலில் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். இதே நிலையில் இருக்கும் வேறு பெற்றோர் படித்தாலும் விஷயம் புரிய வேண்டும்.

தத்தெடுப்பு இணையதளத்தில் ஏழு மாதப் பெண் குழந்தை ஒன்றின் விவரம் உங்களுக்கு வந்திருக்கிறது. 48 மணி நேரத்துக்குள் முடிவெடுத்து ரிசர்வ் செய்துவிட்டீர்கள். மருத்துவப் பரிசோதனை அறிக்கையில் தோலைப் பற்றி ஒரே ஒரு வரி: 'ஹீமாஞ்சியோமா, முகத்தின் இடப்பக்கம், பிறவியிலேயே உள்ளது.' புகைப்படத்தில் நெற்றியில் தொடங்கி மேல் இமை வழியாகக் கன்னம் வரை தட்டையான சிவப்பு. குரோம்பேட்டையில் உங்களுக்குத் தெரிந்த டாக்டர், "அஞ்சு வயசுக்குள்ள தானா மறைஞ்சிடும், கவலைப்படாதீங்க" என்றிருக்கிறார். மாமியார், கிரகணத்தில் பெற்றவள் வெளியே வந்திருப்பாள் என்கிறார். மறையுமா, உயிருக்கோ மூளைக்கோ ஆபத்தா, நம்மால் வளர்க்க முடியுமா என்பவை உங்கள் கேள்விகள்.

நான் குழந்தைகளுக்கான தோல் மருத்துவர். எழும்பூரில் பயிற்சி எடுத்த காலம் தொட்டு இத்தகைய குழந்தைகளைப் பார்த்து வருகிறேன். தத்தெடுத்த குடும்பங்களும் அவர்களில் உண்டு. உங்கள் குழந்தையை நான் நேரில் பார்க்கவில்லை. ஆனாலும் அந்த ஒற்றை வரியே எனக்கு உறுத்துகிறது. 'ஹீமாஞ்சியோமா', 'பிறவியிலேயே', 'தட்டையாக' ஆகிய மூன்றும் ஒரே குழந்தையிடம் சேர்வது அரிது. இவற்றில் ஏதோ ஒன்று தவறாக எழுதப்பட்டிருக்க வாய்ப்பு அதிகம். எது தவறு என்று கண்டுபிடித்தால் உங்கள் முதல் இரண்டு கேள்விக்கும் பெரும்பாலும் பதில் கிடைத்துவிடும்.

குழந்தைகளின் ரத்தக்குழாய் மச்சங்களில் அடிப்படையாக இரண்டு வகை. ஒன்று, ரத்தக்குழாய் செல்கள் பெருகி வளரும் கட்டி, ஹீமாஞ்சியோமா என்பது இதைத்தான். இன்னொன்று, கருவிலேயே குழாய்கள் கோணலாக, அகலமாக அமைந்துவிட்ட குறைபாடு. முன்னது வளர்ந்து பிறகு சுருங்கும். பின்னது சுருங்கவே சுருங்காது, குழந்தையோடு சேர்ந்து பெரிதாகும். 1982இல் பாஸ்டனைச் சேர்ந்த முல்லிக்கன் என்ற மருத்துவரும் குளோவாக்கி என்ற ஆய்வாளரும் இந்தப் பிரிவைத் தெளிவாக எழுதினார்கள். இன்றைக்கும் உலகம் முழுவதும் அதை அடிப்படையாகக் கொண்டுதான் வகைப்படுத்துகிறார்கள். அப்படியிருந்தும் மருத்துவச் சீட்டுகளில் சிவப்பாக இருப்பதற்கெல்லாம் ஹீமாஞ்சியோமா என்று எழுதிவிடும் பழக்கம் போகவில்லை. தத்தெடுப்பு அறிக்கைகளில் இதை நான் திரும்பத் திரும்பப் பார்க்கிறேன். மையத்துக்கு வந்து பொதுவான பரிசோதனை செய்யும் மருத்துவரிடம் எடை, தலைச் சுற்றளவு, ரத்தப் பரிசோதனை என்று நிரப்ப வேண்டிய கட்டங்கள் நிறைய இருக்கும். தோலுக்கு அவருக்குக் கிடைப்பது ஒரு வரிதான்.

உண்மையான ஹீமாஞ்சியோமா எப்படி நடந்துகொள்ளும்? பிறக்கும்போது பெரும்பாலும் ஒன்றும் தெரியாது. தெரிந்தாலும் ஒரு வெளிறிய திட்டோ, நூல் போன்ற நாலைந்து சிவப்புக் கோடுகளோதான் இருக்கும். இரண்டு மூன்று வாரத்தில் சிவக்கும். பிறகு அடுப்பில் வைத்த பால் போலத்தான்: சும்மா இருப்பதாகத் தோன்றும், பார்த்துக்கொண்டிருக்கும்போதே பொங்கி எழும். ஐந்தாவது வாரத்துக்கும் எட்டாவது வாரத்துக்கும் இடையில்தான் வளர்ச்சி மிக வேகம். மூன்று மாதத்துக்குள் தன் முழு அளவில் சுமார் 80 சதவீதத்தை எட்டிவிடும். ஐந்து மாதத்துக்குப் பிறகு வேகம் தணியும். ஒரு வயதை ஒட்டிச் சுருங்கத் தொடங்கி, நான்கு வயதுக்குள் பெரும்பாலான குழந்தைகளுக்குச் சுருங்கி முடிந்துவிடும். சுருங்குவது என்றால் சுவடே இல்லாமல் போவது என்று எண்ணிவிடாதீர்கள். தொளதொளத்த தோல், மெல்லிய சிவப்பு நரம்புகள், சில சமயம் தழும்பு மிஞ்சும். பெரிதாக மேடிட்டு நின்றவற்றில் இது அதிகம்.

நூறு குழந்தைகளில் நான்கைந்து பேருக்கு ஹீமாஞ்சியோமா வருகிறது. பெண் குழந்தைகளுக்கும், குறை மாதத்தில் எடை குறைவாகப் பிறந்தவர்களுக்கும் கூடுதல். பிறப்பு எடை 500 கிராம் குறையக் குறைய வாய்ப்பு சுமார் 40 சதவீதம் கூடுவதாக 2008இல் வெளிவந்த ஆய்வு சொல்கிறது. தத்தெடுப்பு மையங்களுக்கு வரும் குழந்தைகளில் எடை குறைந்தவர்கள் நிறைய என்பதால் அங்கே இதை அடிக்கடி பார்ப்பதில் வியப்பில்லை. பெற்றோர் ஒப்படைத்த குழந்தையானாலும், கைவிடப்பட்டுக் கிடைத்த சின்னக் குழந்தையானாலும், தத்துக்குத் தகுதியானது என்று அறிவிக்கக் குறைந்தது இரண்டு மாதமாவது பிடிக்கும். கட்டி வேகமாக வளரும் காலம் அதுதான். ஆக உங்கள் கைக்கு வரும் படம் வளர்ச்சி உச்சத்தில் எடுத்ததா, தணிந்தபின் எடுத்ததா என்பது தேதியைப் பார்த்தால்தான் தெரியும்.

இனி அடுத்த வகை. உங்கள் குழந்தைக்கு இதுதான் என்பது என் சந்தேகம். இதை போர்ட் வைன் ஸ்டெயின் என்பார்கள். ஆயிரம் குழந்தைகளில் சுமார் மூன்று பேருக்கு இருக்கும். பிறந்த நொடியிலிருந்தே தெரியும். தட்டை. ஓரம் தெளிவு. பெரும்பாலும் முகத்தின் நடுக்கோட்டில் வந்து நின்றுவிடும். நம் நிறக் குழந்தைகளில் இளஞ்சிவப்பாகத் தெரியாமல் கருஞ்சிவப்பாகவோ, பழுப்பு கலந்த சிவப்பாகவோ தெரியும். மேலோட்டமாகப் பார்ப்பவர்கள் சூடு பட்ட தழும்பு என்று நினைப்பதும் அதனால்தான். அழும்போதும் காய்ச்சலின்போதும் இன்னும் சிவக்கும். இது மறையாது. வயது ஏற ஏற நிறம் அடர்ந்து, நடுத்தர வயதில் சிலருக்குத் தடிக்கவும் செய்யும். "அஞ்சு வயசுக்குள்ள மறைஞ்சிடும்" என்று நம்பிக் குழந்தையை அழைத்து வந்து, ஆறாவது வயதில் மறையவில்லையே என்று கலங்கிப்போய் வந்த பெற்றோரைப் பார்த்திருக்கிறேன். அவர்கள் குழந்தையை நேசிப்பதில் குறையே இல்லை. ஆனால் அந்த ஐந்து வருடம் சும்மா கழிந்துவிட்டது. கண் பரிசோதனை கூட ஒருமுறையும் நடக்கவில்லை. எனக்கு வருத்தம் அதில்தான்.

இந்த இரண்டையும் பிரித்தறிய உங்களுக்குப் பெரிய ஸ்கேன் எதுவும் வேண்டாம். தேதி போட்ட படங்கள் போதும். மையத்துக்கு எழுதி, குழந்தை வந்து சேர்ந்த முதல் வாரத்தில் எடுத்த படம், மூன்று மாதம் வாக்கில் எடுத்த படம், இப்போது எடுத்த படம் என மூன்றைக் கேளுங்கள். பொதுவாக மையத்தில் சேர்த்த அன்றே படம் எடுத்து வைத்திருப்பார்கள். இப்போதைய படத்துக்கு மட்டும் கொஞ்சம் மெனக்கெடச் சொல்லுங்கள். காலை வெளிச்சம் வரும் ஜன்னலோரம், ஃபிளாஷ் போடாமல், அழகூட்டும் ஃபில்டரை அணைத்துவிட்டு, மச்சத்தின் ஓரமாக ஒரு ரூபாய் நாணயத்தைப் பிடித்துக்கொண்டு, நேராக ஒன்று, பக்கவாட்டில் ஒன்று. பக்கவாட்டுப் படம் அவசியம், மேடா தட்டையா என்பது அதில்தான் தெரியும். பிறகு ஒரு சின்ன வீடியோ: சுத்தமான கண்ணாடி டம்ளரின் பக்கச் சுவரைக் கன்னத்து மச்சத்தின் மேல் மெதுவாக அழுத்தி எடுக்கச் சொல்லுங்கள். இமைப் பக்கம் அழுத்த வேண்டாம். போர்ட் வைன் ஸ்டெயின் அழுத்தத்தில் வெளிறி, எடுத்ததும் தட்டையாகவே மறுபடி சிவக்கும். மேடிட்ட ஹீமாஞ்சியோமாவில் விரலுக்குக் கீழே ரப்பர் போல ஒரு சதைப்பற்று தட்டுப்படும்.

முதல் வாரப் படத்தில் ஒன்றுமில்லாமல், அடுத்த படத்தில் பரவியிருந்தால் அறிக்கை சொல்வது சரி, 'பிறவியிலேயே' என்ற சொல்தான் தவறு. முதல் படத்திலேயே இதே எல்லையோடு இருந்து, ஏழு மாதத்திலும் முகம் வளர்ந்த அளவுக்கு மட்டுமே வளர்ந்திருந்தால் ஹீமாஞ்சியோமா என்பது தவறு. பிறக்கும்போதே முழு அளவில் உருண்டு நிற்கும் ஒரு பிறவி ஹீமாஞ்சியோமாவும் உண்டு. அது அரிது, உங்கள் படத்தில் உள்ளதுபோல் தட்டையாகப் பரவியும் இருக்காது.

ஆபத்து பற்றி. நெற்றியும் மேல் இமையும் சேர்ந்த போர்ட் வைன் ஸ்டெயின் என்றால் ஸ்டர்ஜ்-வெபர் என்ற நிலை இருக்கிறதா என்று பார்த்தே ஆக வேண்டும். தோலில் உள்ள அதே குழாய்க் கோளாறு மூளையின் மேலுறையிலும் கண்ணுக்குள்ளும் இருப்பதுதான் அது. கன்னத்திலும் தாடையிலும் மட்டும் இருப்பவர்களுக்கு இந்தக் கவலை மிகக் குறைவு, நெற்றிதான் முக்கியம். நெற்றியில் இருப்பவர்கள் எல்லோருக்கும் இது வருவதில்லை. பலருக்கு வெறும் தோல் மச்சமாகவே நின்றுவிடும்.

மூளை பாதிக்கப்பட்டால் முதல் அறிகுறி பெரும்பாலும் வலிப்பு. அப்படி வலிப்பு வரும் குழந்தைகளில் நால்வரில் மூவருக்கு அது முதல் வயதுக்குள்ளேயே வந்துவிடும். ஏழு மாதம் வரை ஒன்றும் இல்லை என்றால் அது நல்ல செய்திதான். முழு உத்தரவாதம் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். மையத்தில் டாக்டரைவிட, குழந்தையைத் தூக்கி வளர்க்கும் ஆயாவிடம் கேட்பது பயன்தரும். "ஃபிட்ஸ் வந்துச்சா?" என்று கேட்டால் இல்லை என்றுதான் சொல்வார்கள், ஏனென்றால் உடம்பு முழுக்க வெட்டி வெட்டி இழுப்பதைத்தான் ஃபிட்ஸ் என்று நினைப்பார்கள். "வலது கையோ காலோ தனியா துடிக்குதா? கண்ணு ஒரு பக்கமா நின்னுடுதா? கூப்பிட்டா கொஞ்ச நேரம் திரும்பாம இருக்கா?" என்று கேளுங்கள். வலது என்று குறிப்பாகச் சொல்லக் காரணம் உண்டு. மச்சம் இடப்பக்கம் என்றால் மூளையிலும் இடப்பக்கம்தான் பாதிப்பு இருக்கக்கூடும், அது கட்டுப்படுத்துவது உடலின் வலப்பக்கத்தை. நேரில் பார்க்கப் போகும்போது ஒரு கிலுகிலுப்பையைக் குழந்தையின் வலப்பக்கம் நீட்டிப் பாருங்கள். வலது கையாலேயே வாங்குகிறதா, அல்லது இடது கை குறுக்கே வந்து வாங்குகிறதா? ஒரு வயதுக்குள் குழந்தைக்கு வலக்கை, இடக்கைப் பழக்கம் என்று ஒன்றும் கிடையாது. எப்போதும் ஒரே கையைத்தான் நீட்டுகிறது என்றால் நரம்பியல் மருத்துவர் பார்க்க வேண்டும்.

கண்ணில் வருவது கண் நீர் அழுத்தம், அதாவது குளுக்கோமா. கைக்குழந்தைகளின் கண்விழி அழுத்தத்தில் விரியும். அந்தக் கண் மற்றதைவிடப் பெரிதாக, பளபளப்பாகத் தெரியும். "என்ன அழகான பெரிய கண்ணு" என்று எல்லோரும் கொஞ்சுவார்கள். இரண்டு கண்ணும் ஒரே அளவா, இடது கண்ணில் நீர் வடிகிறதா, வெளிச்சத்தில் கண்ணை இறுக்கி மூடிக்கொள்கிறதா, கருவிழியில் புகை படிந்தாற்போல் இருக்கிறதா என்று பாருங்கள். எதுவும் இல்லாவிட்டாலும் கண் மருத்துவர் அழுத்தத்தை அளந்தே ஆக வேண்டும். இது ஒருமுறையோடு முடிவதும் இல்லை, குளுக்கோமா பள்ளி வயதிலும் அதற்குப் பிறகும் வரக்கூடும் என்பதால் வாழ்நாள் முழுவதும் தொடர் பரிசோதனை வேண்டும். நம் ஊரில் இதற்கு வசதிக்குக் குறைவில்லை. 1819இல் தொடங்கிய அரசு கண் மருத்துவமனை எழும்பூரில் இருக்கிறது, நுங்கம்பாக்கத்தில் சங்கர நேத்ராலயா இருக்கிறது. குழந்தை நரம்பியலுக்கு எழும்பூர் குழந்தைகள் மருத்துவமனை. தனியாரிலும் உண்டு.

எம்.ஆர்.ஐ. எப்போது எடுப்பது என்பதை நரம்பியல் மருத்துவரிடம் விட்டுவிடுங்கள். மிகச் சின்ன வயதில் எடுத்தது இயல்பாக இருந்தும் பின்னால் மாற்றம் தெரிந்த குழந்தைகள் உண்டு. 'ஸ்கேன் நார்மல்' என்று ஒரு தாளைக் காட்டினால் அது எந்த மாதத்தில் எடுத்தது, ரத்தக்குழாய்கள் தெளிவாகத் தெரியச் சாய மருந்து செலுத்தி எடுத்ததா என்று கேளுங்கள்.

ஒருவேளை படங்கள் இது உண்மையான ஹீமாஞ்சியோமாதான் என்று காட்டினால், முகத்தில் இவ்வளவு அகலமாகப் பரவியதை அப்படியே விட்டுவிட முடியாது. மூளைக்குப் போகும் ரத்தக்குழாய்கள், இதயம், கண் ஆகியவற்றைச் சோதிக்க வேண்டும். இமையில் இருப்பது விழியை அழுத்திப் பார்வையை மங்கச் செய்யும். வளரும் வயதில் மூளை அந்தக் கண்ணைப் பயன்படுத்தாமல் விட்டுவிட்டால் பின்னால் மீட்பது கடினம். உதடு, மூக்கு நுனி, டயப்பர் கட்டும் இடம் ஆகியவையும் கவனிக்க வேண்டிய இடங்கள்தான். தாடி வளரும் பகுதியில் பரவியிருந்து, மூச்சு விடும்போது கரகரவென்று சத்தமும் கேட்டால் மூச்சுக்குழாயைப் பார்க்க வேண்டும். உடம்பில் ஐந்தோ அதற்கு மேலோ சின்னச் சின்னதாக இருந்தால் கல்லீரலுக்கு ஒரு அல்ட்ராசவுண்டு.

இதற்கு மருந்து உண்டு, நல்ல மருந்து. ரத்த அழுத்தத்துக்கும் படபடப்புக்கும் பல்லாண்டுகளாகக் கொடுத்துவரும் ப்ரோப்ரனலால்தான் அது. பிரான்ஸின் போர்தோ நகரில், இதயக் கோளாறுக்காக ஒரு குழந்தைக்கு இதைக் கொடுத்தபோது, மறுநாளே முகத்திலிருந்த ஹீமாஞ்சியோமா நிறம் மாறி மிருதுவாகியிருப்பதை மருத்துவர்கள் கவனித்து, 2008இல் எழுதினார்கள். அதற்கு முன் நாங்கள் ஸ்டீராய்டைத்தான் நம்பியிருந்தோம். இன்று ப்ரோப்ரனலால்தான் முதல் மருந்து. கிலோவுக்கு ஒரு நாளைக்கு 2 முதல் 3 மில்லிகிராம் வரை, குறைந்தது ஆறு மாதம். ஐந்தாவது வாரத்திலேயே தொடங்கினால் பலன் அதிகம். ஏழு மாதத்தில் தொடங்கினாலும் பலன் உண்டு. ஒன்றை மட்டும் மறக்கக் கூடாது: பால் குடித்த வயிற்றில்தான் கொடுக்க வேண்டும். குழந்தை சாப்பிடாமல் இருந்தாலோ, வாந்தி பேதி வந்தாலோ, மூச்சு இளைப்பு வந்தாலோ அன்றைக்கு நிறுத்திவிட்டு டாக்டரைக் கூப்பிட வேண்டும். ரத்தத்தில் சர்க்கரை இறங்கிவிடும். மையத்தில் ஏற்கெனவே இந்த மருந்தைத் தொடங்கியிருந்தால், குழந்தையை அழைத்துவரும் ரயில் பயணத்தில்கூடப் பால் நேரம் தவறக் கூடாது.

மற்ற வகைகளை வேகமாகச் சொல்லிவிடுகிறேன், வேறு குழந்தையின் அறிக்கையோடு இதைப் படிப்பவர்களுக்காக. பிடரியிலும் நெற்றி நடுவிலும் மங்கலான சிவப்புத் திட்டு பிறந்த குழந்தைகளில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு இருக்கும். முகத்தில் உள்ளது ஓரிரு வருடத்தில் மங்கும், பிடரியில் உள்ளது முடிக்குள் மறையும். இதற்காக யாரும் தயங்க வேண்டாம். இடுப்புக்குக் கீழே நீலச் சாம்பல் நிறத்தில் இருப்பது ரத்தக்குழாயே அல்ல, நிறமி. நம் குழந்தைகளில் மிகச் சாதாரணம். நீலமாக, மெத்தென்று, அழும்போது உப்புவது சிரைக் குறைபாடு. கழுத்தில் நீர் கோத்த பைபோல் இருப்பது நிணநீர்க் குறைபாடு. இவ்விரண்டுக்கும் ஊசி மருந்து செலுத்திச் சுருக்கும் சிகிச்சையும் சிரோலிமஸ் என்ற மாத்திரையும் இப்போது உண்டு. ஆனால் வருடக்கணக்கில் தொடர்வது. தொட்டால் சுட்டு, நாடி போலத் துடித்தால் அது தமனி சம்பந்தப்பட்டது, அனுபவமுள்ள பெரிய மையத்தில்தான் காட்ட வேண்டும். கால் முழுக்கச் சிவந்து அந்தக் கால் மட்டும் பருத்தோ நீண்டோ இருந்தால் எலும்பு மருத்துவரும் சேர்ந்து பார்க்க வேண்டும்.

போர்ட் வைன் ஸ்டெயினுக்கு லேசர்தான் சிகிச்சை. 595 நானோமீட்டர் அலைநீளம் கொண்ட பல்ஸ்டு டை லேசர், ரத்தத்தின் சிவப்பு நிறம் அந்த ஒளியை உறிஞ்சிக்கொள்வதால் குழாய் சுருங்கும். சீக்கிரம் தொடங்கினால் நல்லது, குழந்தையின் தோல் மெல்லியது, குழாய்களும் சிறியவை. சில வார இடைவெளியில் பல முறை செய்ய வேண்டிவரும். பலருக்கு நன்றாக வெளிறும். முழுவதும் மறைவது சிலருக்குத்தான். வெளிறியது வருடங்கள் கழித்துக் கொஞ்சம் திரும்பவும் செய்யும். ஒவ்வொரு முறையும் ஒரு வாரம், பத்து நாள் ஊதா நிறத்தில் அடிபட்டதுபோல் இருக்கும். அக்கம்பக்கத்துக்கு முன்னமே சொல்லி வைத்துவிடுங்கள்.

நம் நிறத்தில் ஒரு சிக்கல் உண்டு. தோலின் கருநிறமியும் அதே ஒளியைப் பிடித்துக்கொள்வதால் கொப்புளம், கருந்திட்டு, வெண்திட்டு வரலாம். ஆகவே சக்தியைக் குறைத்து, தோலைக் குளிரவைத்து, முதலில் ஒரு சின்ன இடத்தில் செய்து பார்த்துவிட்டுத்தான் மேற்கொண்டு போக வேண்டும். அண்ணாநகரிலும் தி.நகரிலும் தெருவுக்குத் தெரு லேசர் கிளினிக் இருக்கிறது. முடி நீக்கும் இயந்திரம் வேறு, இது வேறு. எந்த இடத்துக்குப் போனாலும் இயந்திரம் எது, இதே நிறமுள்ள குழந்தைகளுக்கு இதே மச்சத்துக்குச் செய்த முன்-பின் படங்கள் உண்டா, மயக்க மருந்து கொடுப்பார்களா என்று கேளுங்கள். மூன்று வயதுக்குள் திரும்பத் திரும்ப மயக்க மருந்து கொடுப்பது பற்றி அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2016இல் எச்சரித்திருக்கிறது. கைக்குழந்தையைத் துணியில் இறுகச் சுற்றிப் பிடித்துக்கொண்டு மயக்கம் இல்லாமலேயே செய்துவிட முடியும் என்பது சீக்கிரம் தொடங்குவதற்கு இன்னொரு காரணம். மரத்துப்போகும் களிம்பை டாக்டர் சொன்ன அளவுக்கு மேல் வீட்டில் தடவக் கூடாது. செலவைக் கேட்கும்போது ஒரு முறைக்கு எவ்வளவு என்று கேட்காமல், பத்து முறைக்கு எவ்வளவு ஆகும் என்று கேட்டு அதை வைத்துக் கணக்கிடுங்கள். காப்பீட்டு நிறுவனம் இதை அழகு சிகிச்சை என்று ஒதுக்குமா என்பதை எழுத்துமூலம் கேட்டு வாங்கிவிடுங்கள்.

பெற்றவர்களின் உடல்நல வரலாறு தெரியாதே என்ற உங்கள் அச்சத்துக்கு ஆறுதலான பதில் இருக்கிறது. இந்த மச்சங்களில் பெரும்பாலானவை பரம்பரையாக வருவதில்லை. போர்ட் வைன் ஸ்டெயினுக்கும் ஸ்டர்ஜ்-வெபருக்கும் காரணம், கருவில் ஒரே ஒரு செல்லில் தற்செயலாக நேரும் மரபணு மாற்றம் என்று 2013இல் கண்டறிந்தார்கள். தாயிடமிருந்தோ தந்தையிடமிருந்தோ வந்ததல்ல. நாளை இந்தப் பெண் தாயானாலும் அவள் பிள்ளைக்குப் போகப்போவதில்லை. வெளிறிய வளையத்தோடு சின்னச் சின்னத் திட்டுகள் உடம்பெங்கும் பல இருந்தால் மட்டுமே குடும்ப வழி ஒன்றைச் சந்தேகிப்போம். கிரகணத்துக்கும் இதற்கும் தொடர்பே இல்லை. அதைவிட முக்கியம், கிரகணத்தன்று வெளியே வந்தாள் என்ற பேச்சு, நமக்கு முகம்கூடத் தெரியாத ஒரு பெண்ணின் மேல் பழி போடுவது. குழந்தை வளர்ந்ததும் அதைக் கேட்கும்.

இனி மூன்றாவது கேள்வி. இதற்கு மருத்துவராகப் பதில் சொல்ல முடியாது, பார்த்ததை வைத்துச் சொல்கிறேன். மூளையும் கண்ணும் நலம் என்று உறுதியானால் இந்தக் குழந்தை எல்லாக் குழந்தைகளையும்போல ஓடும், படிக்கும், சண்டை போடும். பாரம் ஏறுவது பெற்றோரின் மேல். மாநகரப் பேருந்தில் பக்கத்து சீட்டுக்காரம்மா, "ஐயோ, வெந்நீர் கொட்டிடுச்சா? பார்த்துக்கக் கூடாதா?" என்பார். விசேஷ வீட்டில் ஒருவர் வெற்றிலையை வாட்டிப் போடச் சொல்வார், இன்னொருவர் சுண்ணாம்பைக் குழைத்துத் தடவச் சொல்வார். சுண்ணாம்பில் தோல் வெந்து புண்ணாகிவிடும், யார் சொன்னாலும் வேண்டாம். "பிறவி மச்சம், வலிக்காது, டாக்டர் பார்க்கிறார்" என்ற ஒரே பதிலைக் குழந்தையின் காதில் விழும்படி, குரல் மாறாமல் சொல்லப் பழகுங்கள். குழந்தை வார்த்தைகளைவிட உங்கள் குரலைத்தான் கற்றுக்கொள்ளும். பால்வாடியில் சேர்க்கும்போது டாக்டரிடம் ஒரு கடிதம் வாங்கிக் கொடுத்துவிடுங்கள். அடிபட்டதோ என்ற சந்தேகம் எழாது.

தத்தெடுத்த குழந்தைக்கு இதில் இன்னொரு முடிச்சும் விழுகிறது. ஐந்தாறு வயதில், தான் தத்தெடுக்கப்பட்டதையும் முகத்தில் உள்ளதையும் குழந்தை தானாகவே முடிச்சுப் போடும். "இது இருந்ததாலதான் அந்த அம்மா என்னை விட்டுட்டாங்களா?" ஒரு தாய் இதைச் சொல்லி என் அறையில் அழுதிருக்கிறார், அவருக்குப் பதில் தெரியவில்லை. 'இல்லவே இல்லை' என்று சட்டென்று சொல்லத் தோன்றும். உண்மை நமக்குத் தெரியாது, பின்னால் கோப்பில் வேறு ஏதாவது இருந்தால் நம் சொல்லைக் குழந்தை நம்பாது. "ஏன்னு எனக்கு முழுசா தெரியாதுடா. ஆனா இது உன் தப்பு இல்லை, அவங்க தப்பும் இல்லை. உன் படத்தை முதல்ல பார்த்தப்பவே இதையும் சேர்த்துத்தான் நாங்க பார்த்தோம்" என்று சொல்லலாம். இதைச் சொல்லும் உரிமை உங்களுக்கு இருக்க வேண்டுமானால் இப்போதே அது உண்மையாக இருக்க வேண்டும். லேசரில் மறைந்துவிடும் என்ற நம்பிக்கையில் மட்டும் சம்மதம் சொல்லாதீர்கள். வீட்டு ஆல்பத்தில் அந்தப் பக்கத்தை வெட்டிவிட்டோ, ஃபில்டர் போட்டோ ஒரு படமும் வேண்டாம்.

எல்லாம் தெரிந்துகொண்ட பிறகு, தொடர் சிகிச்சைக்கு நம் சூழல் இடம் தராது என்று நீங்கள் உணர்ந்தால் வேண்டாம் என்று சொல்வதில் தவறில்லை. வலிப்பு வரக்கூடிய குழந்தைக்கு இரவில் விழித்திருக்க ஆள் வேண்டும், அது எல்லா வீட்டிலும் கிடைக்காது. ஒரு புகைப்படத்தைப் பார்த்த பயத்தில் மட்டும் அந்த முடிவுக்கு வராதீர்கள்.

நேரம் இருக்கிறது. 2022 தத்தெடுப்பு ஒழுங்குமுறைகளின்படி ரிசர்வ் செய்த நாளிலிருந்து 30 நாளுக்குள் இந்தக் கட்டம் முடிய வேண்டும். அதற்குள் மருத்துவ அறிக்கையை நீங்கள் விரும்பும் மருத்துவரிடம் காட்டிக் கருத்துக் கேட்க உங்களுக்கு உரிமை உண்டு, மையத்தார் தயங்கினால் அதைச் சொல்லுங்கள். இன்றே மின்னஞ்சல் அனுப்பி மூன்று தேதிப் படங்கள், டம்ளர் வீடியோ, பிறப்பு எடை, எத்தனையாவது வாரத்தில் பிறந்தது, இதுவரை எடுத்த தலைச் சுற்றளவுகள், கண் பரிசோதனை நடந்ததா, என்ன மருந்து போகிறது ஆகியவற்றைக் கேளுங்கள். கண் அழுத்தம் இதுவரை பார்க்கவில்லை என்று பதில் வந்தால், நீங்கள் சம்மதிக்கிறீர்களோ இல்லையோ, அந்த ஊரிலேயே இந்த வாரம் கண் டாக்டரிடம் காட்டச் சொல்லிக் கேட்டுக்கொள்ளுங்கள். குழந்தைக்கு அது உங்களுக்காகக் காத்திருக்கக் கூடாத விஷயம். நேரில் பார்க்கப் போகும்போது மாமியாரையும் அழைத்துப் போங்கள். ஆயாவிடம் கேட்க வேண்டியதை உங்களைவிட அவர் நன்றாகவே கேட்பார்.